கேஸில் ஜெயித்துவிட்டோம், சித்தப்பா

என் பாசத்துக்குரிய சித்தப்பா,

புத்ராஜெயா அப்பீல் கோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் கம்பெனி வீடு கட்டித் தர வேண்டுமாம். தீர்ப்பை மலாயில் படித்தார்கள்; எனக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஆனாலும் லாயரிடம் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டேன். சித்தி அழவில்லை. “இத கேக்காமப் போயிட்டாரே” என்று மட்டும் சொன்னார்.

டயாலிசிஸுக்காக ரெங்கத்திலிருந்து குளுவாங்குக்கு உங்களைக் காரில் கூட்டிப்போன மாதங்களில்தான் முழுக் கதையையும் சொன்னீர்கள். தோட்டம் கைமாறியது, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னது, டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த நீங்கள் ஆட்களைத் திரட்டி கோர்ட்டுக்குப் போனது. ஜொகூர் பாரு கோர்ட்டில் தோற்ற அன்று, திரும்பி வந்த பஸ்ஸில் யாருமே உங்களோடு பேசாதது.

அன்றைக்குத்தான் கம்பெனி லாயர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். அப்பீல் வேண்டாம், உங்களுக்கு மட்டும் ஒரு வீடு தருகிறோம் என்றாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க சித்தப்பா?”

“அந்த லாயர்கிட்ட, எங்க லயத்துல ரெண்டு வீட்டுக்கு ஒரே சொவரு சார். எனக்கு மட்டும் வீடு கட்டுனா, சொவத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருப்பான்னு கேட்டேன்.”

நீங்கள் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொன்னதுபோல.

நீங்கள் அந்த லாயரோடு நின்றதை யாரோ பார்த்துவிட்டார்கள். விலை போய்விட்டீர்கள் என்று பேச்சு கிளம்பியது. பக்கத்து வீட்டு முனியாண்டி மாமா, உங்களோடு சிறுவயதிலிருந்தே பழகியவர், எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அவருகிட்ட உண்மையச் சொல்லலாம்ல?” என்று கேட்டேன்.

“சொன்னா நம்பணுமே லா. கேஸு முடியட்டும்மா. நீயும் சொல்லாத.”

“அப்ப அவரு பேர கேஸ்லேர்ந்து எடுத்துடுங்க.”

“ஏன்? அவனுக்கும் வீடு வேணும்ல.”

இதை எப்படித் தாங்கினீர்கள்? உங்களைத் திட்டியவருக்காகவும் சேர்த்து, டயாலிசிஸ் முடிந்த களைப்போடு கோர்ட்டில் போய் நிற்க எப்படி முடிந்தது? என் ஆபீஸில் ஒருவர் முகம் கொடுக்காவிட்டாலே எனக்கு அன்று வேலை ஓடுவதில்லை.

தீர்ப்பு முடிந்து வெளியே வந்ததும், கம்பெனி உங்களுக்கு மட்டும் வீடு தருவதாகச் சொன்னதையும் நீங்கள் மறுத்ததையும் நம் லாயர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். முனியாண்டி மாமா என்னிடம் வந்தார்.

“ஒனக்கு இது தெரியுமாம்மா?”

“தெரியும் மாமா. சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.”

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “நான் அவன் சாவுக்குக்கூட வரலையே.” சித்தி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சித்திதான், “வாங்கண்ணே, பஸ்ஸு நிக்குது” என்று அவரை எழுப்பினார்.

கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இப்போது காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருக்கும் குடும்பங்கள் என்ன செய்வதென்று கேட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், முனியாண்டி மாமாவும் வருகிறார். ஜெயித்ததை மட்டும் சொல்லிவிட்டு வரமாட்டேன், சித்தப்பா. பஸ்ஸில் உங்களோடு யாரும் பேசாத அந்த நாளையும் சொல்வேன். அதற்குப் பிறகும் நீங்கள் அப்பீல் போனதைச் சொல்வேன்.

உங்கள் அண்ணன் மகள்,
கலைவாணி