நீங்கள் தராத இரண்டாம் பாதி

அண்ணை,

லண்டன் ஹரோவில் ஒரு பழைய சாமான் கடையில் இன்று அந்த நாவலைக் கண்டேன். தடித்த புத்தகம், அட்டையில் எரிகிற வீடு. எங்களுடையது இரண்டாகப் பிளந்தது; இது முழுசாக இருந்தது. விரித்ததும் பழைய தாளின் மணம் வந்தது. நாம் இருந்த இல்ஃபோர்ட் அறை அப்படியே கண்முன் வந்தது.

கூடப்பிறக்காவிட்டாலும் அந்த அறையில் நீங்கள்தான் எனக்கு அண்ணை. ஒரு கட்டில், இரண்டு ஷிப்ட். பெற்றோல் ஸ்டேஷனிலிருந்து நான் வர, நீங்கள் எழும்பிப் போவீர்கள். புத்தகத்துக்குச் சண்டை வரக்கூடாது என்று மரக்கறி வெட்டும் கத்தியால் அதன் முதுகைக் கீறி இரண்டாக்கியதும் நீங்கள்தான். முடித்த முதல் பாதியை எனக்கு வைத்துவிட்டு, மற்றப் பாதியோடு வேலைக்குப் போவீர்கள். இதை எழுதிய அமெரிக்க எழுத்தாளரின் நாவல்களை எல்லாம் அப்படித்தான் படித்தோம்.

அவருடைய வாழ்க்கை உங்களுக்கு அத்துப்படி. இன்சூரன்ஸ் கந்தோரில் குப்பை கொட்டியவர், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதியவர், தலை நரைத்த பிறகுதான் அமெரிக்க உள்நாட்டுப் போர் நாவல்களால் பெயர் எடுத்தவர். பத்திரிகைக்காரர்கள் அவரை மதிக்கவில்லை.

"அவங்கள் கிடக்கட்டும். இந்தாள் போருக்குப் போனவனை வீட்டை கொண்டந்து சேர்த்துப்போட்டுத்தான் பேனையை வைப்பான்," என்பீர்கள்.

அதற்காகத்தான் நானும் படித்தேன். ஊரில் நடந்த போரில் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட, உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் தவித்த காலம் அது.

இந்த நாவலிலும் ஒரு தம்பி காணாமற்போகிறான். முதல் பாதி அங்கேயே முடிந்தது. இரண்டாம் பாதியை நான் கேட்க, நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் பருப்பைத் துழாவினீர்கள்.

"பஸ்ஸிலை விட்டிட்டன். முடிவைச் சொல்லுறன், கேள். பெடியன் வந்திட்டான். தாய் சோறு போட்டுக் குடுக்கிறா."

"அமெரிக்காவிலை சோறோ, அண்ணை?"

"பாணோ சோறோ, ஏதோ ஒண்டு. வந்து சாப்பிட்டவன். காணுமே?"

காணும், அது போதும் என்றேன். அதன் பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது. அந்தப் புத்தகத்தை வேறெங்கும் தேடவும் தோன்றவில்லை.

இன்று கடையில் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தேன். அவன் வரவில்லை, அண்ணை. எங்கே புதைத்தார்கள் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. தாய் கதவைப் பூட்டாமலே வாழ்ந்து செத்துப்போகிறாள். அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூட்டிவந்த எழுத்தாளர் இந்த ஒருவனை மட்டும் கைவிட்டுவிட்டார்.

உங்கள் மேல் கோபம் வந்தது. கேட்க நீங்களும் இல்லை. போன மாரிக் குளிரில்தான் உங்களை எரித்துவிட்டு வந்தோம். தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. இனி வரும் என்று நான் நம்பவும் இல்லை.

புத்தகத்தை வாங்காமல் வைத்துவிட்டு வந்து, சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தம்பியை நினைத்தால் எனக்கு இன்னும் உங்கள் முடிவுதான் வருகிறது. அவன் கால் கழுவிவிட்டு உள்ளே வருகிறான், அம்மா சோற்றுக் கோப்பையை எடுக்கிறா. பொய் என்று தெரிந்த பிறகும் அதை மாற்ற என்னால் முடியவில்லை.