ஓடை தாண்டிய விமானம்

ஜெர்மனி
12.10.1986

என் அருமை மருமகள் ஜெயமலருக்கு,

அகில உலகத் தையல் சக்கரவர்த்தியும், கொக்குவில் சந்தியின் முன்னாள் அரசனும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமாகிய உமாபதி மாமா கத்தரிக்கோலின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்து எழுதுவது: இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். அக்கா நம்பமாட்டா. வழியில் யாராவது பிரித்துப் படித்தால் அவர்களும் நம்பமாட்டார்கள்.

நான் ஆகாயவிமானம் கட்டுகிறேன்.

சிரிக்காதே. ஜெர்மனி முழுவதும் தேடிக் களைத்துப்போய்க் கடைசியில் என்னிடம் வந்தார்கள். “உமாபதி, உம்மை விட்டால் எங்களுக்கு ஆளில்லை” என்று ஒரு கிழவர் கண்ணீர் விட்டார். விமானத்தின் இறக்கை இந்தச் சுவரில் தொடங்கினால் அந்தச் சுவரில்தான் முடிகிறது. அறை எவ்வளவு பெரியது என்று நீ கேட்கக் கூடாது.

கிழவரின் பெயர் பவுமான். எங்கள் விடுதிக்குப் பின்தெருவில் தனியே இருக்கிறார். முன்பு தபாற்காரர். விமானத்தின் வரைபடமும் மரமும் வாங்கி மூன்று வருஷமாகிறதாம். அதற்குள் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. விடுதி வாசலில் நான் சட்டைக்குப் பொத்தான் தைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், என் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பல்சா என்று ஒரு மரம். அதன் பாரத்தை என்னவென்று சொல்வேன்! நான் ஒருமுறை தும்மினேன். இறக்கையின் விலாக்களில் நாலு, பக்கத்து ஊரில் போய் விழுந்தன. சட்டைக் கொலர் வெட்டுகிற மாதிரி, மாதிரித் தகட்டை வைத்து பிளேட்டால் இருபத்திரண்டு விலா வெட்டவேண்டும். வரைபடத்தின் மேல் குண்டூசியால் குத்தி நிறுத்தி ஒட்டவேண்டும். பிறகு மெல்லிய தாள் போர்த்தித் தண்ணீர் தெளித்தால், காய்ந்ததும் மேளத்தோல் போல இறுகும். தீப்பெட்டி அளவு மோட்டார், அதற்குப் பற்றறி. நிலத்தில் நிற்கிறவன் கையில் இரண்டு குச்சி வைத்த ரேடியோப் பெட்டி. குச்சியை அசைத்தால் ஆகாயத்தில் அது திரும்பும். எல்லாம் சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு சொட்டுப் பசை கூடுதலாக விட்டால், “பசை பாரம், உமாபதி!” என்று கிழவர் கத்துகிறார்.

அக்கா எழுதிய விஷயம், இங்கே வுப்பர்டால் ஊரில் உனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை: கவலை வேண்டாம் என்று சொல். நானே நேரில் போய்த் தலைமுதல் கால்வரை அளவெடுத்து எழுதுகிறேன். நினைத்த நேரத்தில் நினைத்த ஊருக்குப் போகிறவன் உன் மாமா.

உன்
உமாபதி மாமா


கொக்குவில்
20.11.1986

என் அன்புள்ள மாமா,

கடிதம் வந்தது. அம்மாவுக்கு உரத்துப் படித்தேன். “அவன் பிளேன் கட்டிறானோ? இஞ்சை ஒரு கோழிக்கூடு கட்டித் தரச் சொல்லி நாலு வருசம் கெஞ்சினனான்” என்றா. பிறகு அடுப்படிக்குள் போய்த் தனியாகச் சிரித்தா. சிரித்துக் கனநாள்.

இங்கே ஆகாயத்தில் குண்டு போடவரும் பிளேன் சத்தம் கேட்டால் நாங்கள் பங்கர் குழிக்குள் ஓடுகிறோம். பங்கருக்குள் இருந்துகொண்டு, இதே மாதிரி ஒன்றை மாமா தாளால் போர்த்திக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குப் பயத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

மாமா, மற்ற விஷயம். அந்த வுப்பர்டால்காரர், செல்வராசா, எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். ஒன்றரைப் பக்கம். பெருமை ஒன்றும் இல்லை. தன் வீட்டு ஜன்னலில் வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகும் என்று எழுதியிருந்தார். நீங்கள் பிளேன் கட்டுவதை நானும் அவருக்குப் பதிலில் எழுதினேன். என் படம் அவரிடம் இருக்கிறது.

அங்கே எங்களுக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் பார்த்து எழுதுவதைக் கொண்டுதான் அம்மா முடிவு சொல்லுவா. எல்லாவற்றிலும் விளையாடுங்கோ. இதில் மட்டும் வேண்டாம் மாமா.

உங்கள் செல்ல மருமகள்
மலர்


ஜெர்மனி
18.1.1987

அருமை மலருக்கு,

வுப்பர்டால் படையெடுப்பு வெற்றி. இனி அறிக்கை.

அந்த ஊரில் ரயில் தலைகீழாக ஓடுகிறது. தண்டவாளம் மேலே, ரயில் கீழே, வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டு. செல்வராசாவின் ஜன்னலுக்கு எதிரேதான் போகிறது. அது போகும்போதெல்லாம் தட்டில் உள்ள கோப்பைகள் நடுங்குகின்றன. மாப்பிள்ளையும் சேர்ந்து நடுங்குகிறார். அது மாமனைக் கண்ட பயம்.

ஆள் உயரம். நிலைப்படியில் இடித்து இடித்து நிலை தேய்ந்திருக்கிறது. ஒரு மணித்தியாலம் இருந்தேன். நாலு சொல் பேசினார், அதில் மூன்று “ஓம்”. சோறு சமைத்துத் தந்தார். மிச்சத்தைக் கொண்டுவந்து விமானம் ஒட்டியிருக்கலாம். பிரிட்ஜைத் திறந்தேன். பன்னிரண்டு பியர் போத்தல்கள் பொலிஸ் அணிவகுப்பு மாதிரி வரிசையாக நின்று எனக்கு சல்யூட் அடித்தன! “வாற ஆக்களுக்கு அண்ணை” என்றார். வந்த ஆள் நான் ஒருவன்தான்.

மற்றப்படி பெடியன் பரவாயில்லை.

இறக்கைக்குத் தாள் போர்த்தியாகிவிட்டது. ஒரு சுருக்கம் இல்லை. வாலில் உன் பெயரின் முதலெழுத்தைச் சிவப்பு மையால், நூலளவு மெல்லிதாக எழுதியிருக்கிறேன்.

உன்
உமாபதி மாமா


கொக்குவில்
2.3.1987

அன்புள்ள மாமா,

அம்மா உங்கள் கடிதத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னா. மூன்றாந்தரம் பன்னிரண்டு போத்தலில் வந்ததும், “போதும், நிப்பாட்டு” என்றா. “என்ரை தம்பி நேரை சொல்லமாட்டான். பகிடியாத்தான் சொல்லுவான். இது வேண்டாமெண்டு சொல்லுறான்” என்று அப்பாவிடம் சொன்னா. அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், சாதகம் அவ்வளவு பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் விடவில்லை போலிருக்கிறது; உண்மைக் காரணமும் எப்படியோ வெளியில் வந்துவிட்டது.

நான் இதைக் கேட்கக் கூடாது. கேட்கிறேன். போத்தல்கள் பன்னிரண்டா மாமா? எண்ணினீர்களா? இரண்டோ மூன்றோ இருந்ததைப் பன்னிரண்டாக்கினீர்களா? நீங்கள் ஒரு வரி எழுதினால் அப்பா இன்னும் போய்ப் பேசுவார். அவர்கள் ஆவணி வரைக்கும் வேறு இடம் பார்க்கமாட்டார்கள் என்று கேள்வி.

மலர்


ஜெர்மனி
10.5.1987

அருமை மலருக்கு,

போத்தல் கணக்கை விடு. உலகச் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கவேண்டிய செய்தி இருக்கிறது: விமானம் பறந்துவிட்டது!

ஞாயிறு காலை. ஊருக்கு வெளியே புல்வெளி. கிழவர் காரிலிருந்து பற்றறிக்கு மின்சாரம் ஏற்றினார். கை நடுங்குவதால் குச்சிப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டு, விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தார். மலர், அது போனது! தேனீ மாதிரி இரைந்துகொண்டு, வெயில் தாளுக்குள்ளால் தெரிய, விலா இருபத்திரண்டும் எண்ணக்கூடிய மாதிரி. கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். சுற்றியிருந்த பசுக்கள் எழுந்து நின்று மரியாதை செய்தன.

பிறகு என்ன நடந்ததென்றால், விமானம் அப்பால் போகும்போது குச்சியை வலப்பக்கம் தள்ளினால் அது நமக்கு வலப்பக்கம் திரும்பும். நம்மை நோக்கி வரும்போது அதே வலம் நமக்கு இடமாகிவிடும்! இதை எனக்கு நூறு தரம் சொன்னார்கள். நான் அந்த நேரத்தில் மறந்தேன். திருத்தத் திருத்தப் பிழை கூடியது. ஓடையைத் தாண்டி எதிர்ப்பக்கத்து மஞ்சள் பூ வயலுக்குள் போய்த் தலைகுப்புற விழுந்தது.

ஓடை எவ்வளவு அகலம் தெரியுமா? உன் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுவா. நான் தாண்டவில்லை. ஏனென்றால் அந்தக் கரை வேறு மாவட்டம். அகதி விடுதியில் இருக்கிற எங்களுக்கு அரசாங்கக் கந்தோரில் அனுமதி எழுதித்தந்த தாள் இல்லாமல் மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க ஏலாது. என் அறையில் இருக்கும் ஜேசுரட்ணம் கோழி மலிவென்று அடுத்த ஊருக்குப் போய்ப் பிடிபட்டு, இன்றைக்கும் கோழியைக் கண்டால் கைகளை உயர்த்துகிறான். ஆகவே எழுபது வயதுப் பவுமான் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்து, தண்ணீருக்குள் இறங்கினார். சக்கரவர்த்தி இந்தக் கரையில் நின்று, “இடப்பக்கம்! இன்னும் இடப்பக்கம்!” என்று கட்டளையிட்டார்.

இடது இறக்கை முறிந்துவிட்டது. ஒட்டிக்கொள்வோம்.

உன்
உமாபதி மாமா


கொக்குவில்
25.8.1987

மாமா,

இங்கே நடந்த சண்டையில் தபால் நின்றுபோனது. நீங்கள் மே மாதம் எழுதியது முந்தநாள்தான் வந்தது. நாங்கள் மூவரும் சுகம்.

அம்மா ஓடைக் கதையைக் கேட்டுச் சிரித்தா. அந்தக் கிழவனை ஏன் தண்ணிக்குள் இறக்கினான் என்று ஏசினா. நான் இரவெல்லாம் யோசித்தேன். ஓடையைத் தாண்ட ஏலாதவர் வுப்பர்டாலுக்கு எப்படிப் போனார்?

நீங்கள் போகவில்லை. அவரைப் பார்க்கவில்லை. பிரிட்ஜைத் திறக்கவில்லை. அப்படித்தானே?

அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்கள் கடிதங்களுக்கு மட்டும்தான் அவ சிரிக்கிறா. அதையும் நான் ஏன் கெடுக்கவேண்டும்?

செல்வராசாவுக்குப் போன கிழமை வேறு இடத்தில் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. உங்களிடம் கோபமில்லை என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுத வரவில்லை.

ஜெயமலர்


ஜெர்மனி
17.4.1988

ஜெயமலருக்கு,

உன் ஆவணிக் கடிதத்துக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. ஐப்பசிச் சண்டைக்குப் பிறகு முதல் மூன்றும் தபாலில் தொலைந்திருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். தை மாதம் அக்காவின் கடிதம் வந்தது. மாசியிலும் வந்தது. தபால் வருகிறது. உன்னுடையதுதான் வரவில்லை.

நீ கேட்டதற்கு, அவற்றிலெல்லாம் நான் எழுதாமல் விட்ட பதில்: ஓம். நான் போகவில்லை. கொழும்பில் விமானம் ஏறும்போது அக்கா, “நீயாவது எங்கையும் தலை நிமிர்ந்து போவாய்” என்று சொல்லி அனுப்பினா. ஒரு ஓடையைத் தாண்ட யாரையாவது கேட்கவேண்டும் என்று அவவுக்கு எழுத எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. தொங்கும் ரயிலை ஒரு தபாலட்டையில் பார்த்திருந்தேன். மீதியை அறையில் இருந்தபடி எழுதினேன். நல்ல பெடியன் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அந்த ஒரு வரியில் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நீ மார்ச்சில் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் விமானத்துக்கு வால் பூட்டினேன்.

போன வியாழக்கிழமை கந்தோரில் போய் அந்தத் தாளைக் கேட்டேன். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, வுப்பர்டால், உறவினரைப் பார்க்க. கால் மணித்தியாலத்தில் தந்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை, மலர். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள்.

செல்வராசா என் உயரம்தான். “வாங்கோ அண்ணை, இருங்கோ” என்றார். அவருடைய மனைவி பாலாம்பிகை வந்து நாலு மாதம். பிரிட்ஜிலிருந்து பால் எடுக்கும்போது பார்த்தேன். தயிர், பாதி வெட்டிய தேசிக்காய், ஜாம் போத்தலுக்குள் பச்சைமிளகாய். என்னிடம் அவர் முதலில் கேட்டது இதுதான்: “பிளேன் பறந்ததோ அண்ணை?”

பறந்தது, பிறகு விழுந்து முறிந்த இறக்கையை ஒட்டினோம் என்றேன். ஒட்டிய பிறகு எப்படிப் பறக்கிறது என்றார். ஒட்டிய இடத்தில் பசை கூடிப்போய்விட்டது, இடப்பக்கம் இழுக்கிறது, நேரே போகாது, கை எடுக்காமல் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும் என்றேன்.

ரயிலடி வரைக்கும் கூட வந்தார். படியில் நின்று, “அண்ணை, ஒண்டு கேக்கலாமோ? நான் குடிக்கிறனெண்டு அவையளுக்கு ஆர் சொன்னது? நான் தொடுறதே இல்லை” என்றார்.

“நான்தான்” என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடித உறை எடுத்தார். “இதைத் திருப்பி அனுப்பவேணும். தபாலிலை போட மனம் வரேல்லை. ஆராவது சொந்தக்காரர் வந்தால் கையிலை குடுப்பமெண்டு வைச்சிருந்தனான்” என்றார். மேலே ரயில் வந்து நின்றது. “உங்கடை ரயில்” என்றார்.

உன் படம் இத்துடன் வருகிறது. மூலை மடியவில்லை.

அக்காவுக்கும் தனியே எழுதியிருக்கிறேன், எல்லாவற்றையும். அவ இனி என் கடிதத்துக்குச் சிரிக்கமாட்டா. நீ பதில் எழுதவேண்டாம். எழுதவேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்த அறிக்கையில் நான் எழுதியது முழுவதும் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும், நான் அறியாமலே, உண்மையாக இருந்தது. ஜன்னலுக்கு எதிரே ரயில் போகும்போது தட்டில் உள்ள கோப்பைகள் நடுங்குகின்றன. நான் பார்த்தேன். பாலாம்பிகை ஒரு கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினா.

உமாபதி