பாபநாசம் படித்துறையில் ஐந்து நாள்

ஐப்பசி 17, திங்கள்

காலையிலேயே தூறல். எட்டு மணிக்குப் பாபநாசம் படித்துறையில் கையெழுத்து. தண்டனை: ஐந்து நாள் சமூக சேவை. குற்றம்: குடித்துவிட்டு ஊர் முக்கில் நின்று அரை மணி நேரம் போக்குவரத்தை நடத்தியது. மூன்று பஸ்ஸைப் பின்னால் போகச் சொன்னேனாம். ஒன்று போயே விட்டதாம். அதில் கொஞ்சம் பெருமைதான், நீதிபதியிடம் சொல்லவில்லை.

வேலை: பாவம் தீரக் குளிப்பவர்கள் ஆற்றில் விட்டுப்போகும் வேட்டி, சேலைகளைக் கொக்கி போட்டு இழுப்பது. புதிதாக விட வருபவர்களைத் தடுப்பது. ஒரு விசில் கொடுத்திருக்கிறார்கள். மேற்பார்வை நகராட்சி முத்தம்மா.

வெள்ளி காலை பத்து மணிக்கு மகள் கனகாவுக்கு நிச்சயம். அன்றுதான் ஐந்தாம் நாள். ஒரு நாள் தவறினாலும் மறுபடி கோர்ட்டு. தென்காசிச் சம்பந்தியிடம் நான் சூரத்துக்குச் சரக்கெடுக்கப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள் வீட்டுக்காரி.

18, செவ்வாய்

வெயில். இடுப்புவலி. இருபது வருஷம் ஜவுளிக்கடையில் நின்ற கை சும்மா இருக்குமா? எடுத்ததையெல்லாம் பிழிந்து, உதறி, கரை தெரிய மடித்துப் படியில் அடுக்கிவிட்டேன். குளித்துவிட்டு வந்த ஒரு அம்மா பச்சைச் சேலையைத் தடவிப் பார்த்து விலை கேட்டாள். சாயம் போகாது என்று வாய்வரை வந்துவிட்டது.

முத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, இதெல்லாம் குப்ப வண்டிக்குப் போறது. கடைய மூடுங்க."

19, புதன்

முத்தம்மாவிடம் வெள்ளிக்கு லீவு கேட்டேன். கோர்ட்டு உத்தரவு, அவளால் முடியாதாம். வீட்டில் பேச்சில்லை. கனகா மட்டும் தைலம் தேய்த்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடலாமே அப்பா என்றாள். பயமாக இருக்கிறது. அந்தப் பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. என் கூத்தால் அது கெட்டால் என்னை நானே மன்னிக்கமாட்டேன்.

வாங்க வேண்டியது: தைலம், செருப்பு வார்.

20, வியாழன்

தண்ணீர் கலங்கல். மதியம் ஒருவர் வேட்டியை ஆற்றில் விடப் போனார். விசில் ஊதினேன். திரும்பியவர் சம்பந்தி. பக்கத்தில் நனைந்தபடி மாப்பிள்ளை.

"நீங்க சூரத்துலல்லா இருக்கிய?"

எல்லாவற்றையும் சொன்னேன், பஸ் பின்னால் போனதுவரை. மாப்பிள்ளை சிரிப்பை அடக்கினார். சம்பந்தி சிரிக்கவில்லை. பிறகு பைய ஓரமாகக் கூட்டிப்போனார். பையன் ஜாதகத்தில் ஒரு தோஷம், எங்களிடம் மறைத்துவிட்டார்களாம். அதற்கு இது பரிகாரம். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால் வேட்டியை விட்டுவிடுவாராம்.

கொக்கியைக் குறுக்கே நீட்டினேன். "விடப்படாது அண்ணாச்சி. விட்டாலும் நான்தான் இறங்கி எடுக்கணும்."

ஆற்றைப் பார்த்தார். என் கொக்கியைப் பார்த்தார். வேட்டியை என் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு உங்கள எத்தன மணிக்கு விடுவாவ?"

அஞ்சு மணிக்கு என்றேன்.

"அப்ப நிச்சயத்த ஆறு மணிக்கு வச்சுக்கிடுவோம். ஜோசியர்ட்ட நான் பேசிக்கிடுதேன்."