விஷயம் முதல் வரியில்

என்னவருக்கு,

ஆங்கிலக் கடித வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: என் வேலை போகவில்லை.

வகுப்பில் தலையாட்டிவிட்டு, வாடிக்கையாளருக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே கோட்டை விட்டேன். அவர் அம்மாவின் உடம்பு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டு, சரக்கு தாமதமாகும் என்பதைக் கடைசியில்தான் எழுதினேன். அனுப்பிய பிறகு படித்த மேனேஜர், "சம்பந்தி வீட்டுக்கா லெட்டர் போட்டீங்க?" என்று குதித்தார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

இன்று பதில் வந்தது: "சரக்குக்குக் காத்திருக்கிறோம். அம்மா எழுந்து நடக்கிறார்." மேனேஜர் அடுத்த கடிதத்தையும் என்னையே எழுதச் சொல்லிவிட்டார். அப்பாடா!

அன்று அவசரமாகக் கிளம்பியதில் நீங்கள் விட்டுப்போன சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். உங்களிடம் கேட்க வேண்டியது மட்டும், பாருங்கள், பழையபடி கடைசி வரிக்கு வந்துவிட்டது. எப்போ வர்றீங்க?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி