காலி அறையின் சத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் இளைப்பு குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

சினிமா படிப்பில் ஒரு வேடிக்கை. பேசுகிற காட்சிகளுக்கு அடியில் சேர்க்க, காலி அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்வார்கள். அவரவர் அறைதான் முதல் பயிற்சி. வார விடுமுறைக்கு எல்லோரும் போய்விட்ட விடுதியில் நானும் பதிவு செய்தேன். ஹெட்ஃபோனில் கேட்டால் யாரோ மூச்சு விடுகிறார்கள்! ஓடிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒலிப்பதிவு ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நீதாம்மா மூச்சு விட்டிருக்க. வச்சிட்டு வெளிய போயிடணும்."

நானும் சிரித்தேன். ஆனாலும் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் தூங்குகிறேன். அறையில் என்னைத் தவிர யாருமே இல்லை என்று தெரிந்த பிறகுதான் பயம் கூடியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஒரு சின்ன உதவி மட்டும். பாடத்துக்குத்தான். நம் வீட்டுக் கூடத்தை ஃபோனில் பதிவு செய்து அனுப்புங்கள். ஃபேன் ஓடட்டும். நீங்கள் வெளியே போக வேண்டாம், ஃபோனைக் கையிலேயே வைத்திருங்கள். இளைப்புச் சத்தம் விழுந்தால் விழட்டும். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், அப்பா.

உங்கள் மகள்