மாற்றுப் பாதை ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது

மே 4

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலம்தான் என்று நகராட்சி அறிவிப்புப் பலகையே சொல்லிவிட்டது. இந்த மாத அறிவிப்பில் பள்ளிகளுக்கு இரண்டே வரி, சாலைகளுக்கு ஒரு முழுப் பக்கம். அதில் முதல் ஆளாக நிற்பது எங்கள் பள்ளிச் சாலை! சின்ன டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்து, "டீச்சர், உங்க தம்பி சொன்னபடி செஞ்சுட்டாரு!" என்றாள். "செய்யாம எங்க போவான், இடுப்புல தூக்கி வளர்த்தவளாச்சே" என்றேன். வெளியில்தான் அந்த அலட்டல். உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் நமக்குச் சண்டை வராமல் இருக்காது. எழுதும்போதுதான் நான் நல்ல அக்கா.

அந்தச் சாலை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று நகராட்சிச் சாலைப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் உனக்குத் தெரியாது. போன வாரம் பள்ளி மணியின் நாக்கு அறுந்துபோய், பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வேனில் கொண்டுவந்தேன். மடியில் வைத்தால் துணியெல்லாம் எண்ணெய் என்று வளையத்தைப் பிடித்துத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தேன். குழிக்குக் குழி டண் டண் என்று அடித்துத் தள்ளிவிட்டது. வேன் பள்ளிக்கு வருவதற்குள் வழியிலிருந்த பிள்ளைகள் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்துவிட்டார்கள். நம் வாயாடி இருக்கிறாளே, இரண்டாம் வகுப்பு, அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "லீவு நாள்ல எதுக்கு டீச்சர் ஊரையே கூப்பிடுறீங்க?" என்கிறாள்.

ஒன்றுதான் கேட்கிறேன். ஒட்டுப் போடாதே. ஒவ்வொரு வருஷமும் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு அது சாலையாகவே இல்லை. இந்தத் தடவை அடியோடு பெயர்த்துப் புதிதாகப் போடு. ஜூலை கடைசியில் பள்ளிகளில் தலையெண்ணிக்கை எடுக்கப் போகிறார்கள். முப்பது பிள்ளைகள் இல்லாத பள்ளியைப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். எங்களிடம் முப்பத்து நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் மழை விழுந்து, அந்தக் குழிகளுக்குப் பயந்து நாலைந்து பேர் நின்றுவிட்டால் கதை கந்தல்.

என்றும் உன்,
அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்து மேஜைக்காரருக்கும் படித்துக் காட்டினேன். வாயாடியை அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கச் சொல்கிறார், கேள்வி கேட்க இங்கே ஆள் இல்லையாம்.

நீ கேட்டபடியேதான் செய்யப் போகிறேன். வழக்கமாக ஒரு பாதியைத் தோண்டிப் போட்டு, அது காய்ந்ததும் மறுபாதியைத் தோண்டுவோம். ஆட்கள் போய்வர வழி இருக்கும். ஆனால் அப்படிப் போட்டால் நடுவில் ஒரு தையல் விழும். இரண்டு மழைக்குள் அந்தத் தையல் பிரிந்து பழையபடி குழிதான். உன் சாலைக்கு அது வேண்டாம் என்று முழு அகலத்தையும் ஒரேயடியாகத் தோண்டச் சொல்லிவிட்டேன். வாய்க்கால் மேலிருக்கும் சின்னப் பாலத்தையும் பெயர்த்துப் புதிதாகக் கட்டுகிறோம். கான்ட்ராக்டர், "சார், எதுக்கு ரிஸ்க்கு, பாதிப் பாதியாவே போயிடலாமே" என்றார். "எங்கக்கா பள்ளிக்கூடம்ங்க அது" என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

விடுமுறைக்குள் முடிந்துவிடும். பள்ளி திறக்கும் அன்று பிள்ளைகள் செருப்பில் மண் படாமல் வருவார்கள். நீ முட்டி வலியைக் காட்டி இங்கே வராமல் இருக்கிறாயே, இனி அந்தச் சாக்கும் செல்லாது.

அன்புடன்,
உன் தம்பி

ஜூன் 17

அன்புத் தம்பிக்கு,

பள்ளியைத் திறந்துவிட்டோம். திறந்தோம் என்றால் கதவைத் திறந்தோம்.

சாலை இல்லை. தோண்டிப் போட்ட பள்ளம் இருக்கிறது, அதில் இரண்டு மழைத் தண்ணீர் நிற்கிறது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் செங்கல் சூளைக்காரரின் மதில். ஓரமாக நடக்க ஒரு சாண் இடம் இல்லை. பாலம் இருந்த இடத்தில் இரும்புக்கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. கான்ட்ராக்டரின் ஆட்களையே காணோம். காவலுக்கு இருப்பவரிடம் கேட்டால், "ரோலர் வேற ஊருக்குப் போயிருக்கும்மா, வந்துரும்" என்கிறார். அவர் என்ன செய்வார் பாவம்.

முதல் நாள் அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார்கள். வாயாடி தோளில் உட்கார்ந்தபடியே, "டீச்சர், நான் கப்பல்ல வந்தேன்!" என்று கத்தினாள். சிரித்தோம். மறுநாள் ஒருத்தர் காலில் கம்பி குத்திவிட்டது. அதற்கப்புறம் யாரும் இறங்கவில்லை. சூளைக்குப் பின்னால் லாரி போகும் தடம் ஒன்று இருக்கிறது. சுற்றிக்கொண்டு வர வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், முழங்கால் வரை சேறு, எதிரே செங்கல் லாரி. ஆறு வயதுப் பிள்ளையை அதில் யார் அனுப்புவார்கள்?

பலகையில் இந்த மாத அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள். "பள்ளிச் சாலைப் பணி துரிதமாக நடைபெற்று வருகிறது." படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

சீக்கிரம் ஏதாவது செய்யடா.

அக்கா

ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. கான்ட்ராக்டருக்கு நாளெல்லாம் போன் போடுகிறேன். "நாளைக்கு சார், கண்டிப்பா நாளைக்கு" என்கிறார். ரோலர் பக்கத்து ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மழையில் தாரும் போட முடியாது, பாலத்துக்குக் கலவையும் போட முடியாது. நானே நேரில் வந்து பார்த்தேன், உன்னிடம் சொல்லவில்லை. பள்ளத்தின் இந்தப் பக்கம் நின்றபோது அந்தப் பக்கம் உன் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. மெல்லிசாக, இரண்டு மூன்று குரல்தான். வர வழியில்லாமல் திரும்பிவிட்டேன். வழி இருந்திருந்தாலும் வந்திருப்பேனா, தெரியாது.

மழை விட்டதும் ஆட்களை இறக்குகிறேன். என் மேல் கோபப்படாதே அக்கா. நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

தம்பி

ஜூலை 12

தம்பிக்கு,

வாயாடியின் அம்மா வந்திருந்தாள். லாரித் தடம் வழியாகச் சேறும் சகதியுமாக வந்து, டி.சி. கேட்டாள். "எங்களுக்கு மட்டும் ஆசையா டீச்சர்? அவ தினமும் பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறா. எத்தனை நாளைக்கு நான் வேலையை விட்டுட்டுத் தூக்கிட்டு வர முடியும்?" என்று அழுதாள். நானும் அழுதேன். எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன் தம்பி. அவளைப் போல இன்னும் சிலருக்கும்.

கல்வி அலுவலரைப் போய்ப் பார்த்தேன். சாலை முடியும்வரை தலையெண்ணிக்கையைத் தள்ளிப்போடுங்கள், பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கேட்டேன். மனுஷர் தன்மையானவர்தான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் மேஜையிலிருந்த உங்கள் மாத அறிவிப்பை என் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். "பணிக் காலத்தில் பொதுமக்களின் வசதிக்காக மாற்றுப் பாதை ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது."

"மாற்றுப் பாதைதான் இருக்கே டீச்சர். பாதை இருக்கும்போது நான் எந்தக் காரணத்தைக் காட்டித் தள்ளிப்போடுறது?"

"எங்க சார் இருக்கு? வந்து பாருங்களேன்" என்றேன்.

"நான் வந்து பார்த்து என்ன பண்ண? நகராட்சி எழுதினதை நான் இல்லைனு சொல்ல முடியுமா?" என்றார்.

அந்த வரியை யார் எழுதியது தம்பி?

அக்கா

ஜூலை 15

அக்கா,

நான்தான்.

யோசித்து எழுதவில்லை. எந்தச் சாலை வேலையானாலும் அறிவிப்பின் கடைசியில் அந்த வரி வரும். போன மாத அறிவிப்பை எடுத்து, ஊர்ப் பெயரையும் சாலைப் பெயரையும் மட்டும் மாற்றுவோம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். பாதிப் பாதியாகத் தோண்டும்போது அது உண்மை, ஒரு பாதி திறந்திருக்குமே. முழுதாகத் தோண்டச் சொன்ன நானே அந்த வரியை எடுக்க மறந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அதை யாரும் படிப்பார்கள் என்றே நான் நினைத்ததில்லை.

உன் கடிதம் வந்த அன்றே கல்வி அலுவலரிடம் ஓடினேன். "சார், அந்த வரி தப்பு, நான்தான் எழுதினேன்" என்றேன். "எழுத்துல குடுங்க" என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். "உங்க மேலதிகாரி கையெழுத்து வேணும்." மேலதிகாரியிடம் வந்தேன். "நாம எழுதினது பொய்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா? என்னய்யா பேசற? வேணும்னா அடுத்த மாச அறிவிப்புல ஒரு திருத்தம் போட்டுக்கலாம்" என்றார். அடுத்த மாத அறிவிப்பு ஆகஸ்டில் வரும். தலையெண்ணிக்கை ஜூலையில். அதைச் சொன்னேன். "அது கல்வித்துறை விஷயம்ப்பா" என்றார். திரும்பக் கல்வி அலுவலரிடம் போனேன். "அது சாலைத்துறை விஷயம் சார்" என்றார். இரண்டு பேரும் நல்லவர்கள்தான் அக்கா. யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. யாராவது திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

தம்பி

ஜூலை 30

தம்பிக்கு,

எண்ணிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று விடிந்ததுமே நானும் சின்ன டீச்சரும் லாரித் தடம் வழியாக ஊருக்குள் போய் வீடு வீடாக ஏறி இறங்கினோம். டி.சி. வாங்காதவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வரிசையாக, கையைக் கோத்துக்கொண்டு, சேற்றில் நடத்திக் கூட்டிவந்தோம். மழை வேறு பிடித்துக்கொண்டது. மூன்று பிள்ளைகள் பாதியில் அழுது திரும்பிவிட்டார்கள், வற்புறுத்த மனம் வரவில்லை. மிச்சம் வந்தவர்கள் இருபத்தொரு பேர். எண்ண வந்தவர் ஜீப்பில் வந்தார், அதே தடத்தில்தான். இறங்கியதும் "ரோடு ரொம்ப மோசம்மா" என்றார். பிறகு எண்ணினார். எனக்காக இரண்டாம் தடவையும் எண்ணினார்.

முட்டி வீங்கியிருக்கிறது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

திருத்தம் வந்துவிட்டது. பலகையில் பார்த்திருப்பாய். கீழே, சின்ன எழுத்தில். ரோலரும் வந்துவிட்டது, மழையும் விட்டுவிட்டது. இப்போதுதான் எல்லாம் வருகிறது.

நான் தினமும் பஸ் பிடித்து வந்து வேலை நடக்கும் இடத்திலேயே நிற்கிறேன். பள்ளியில் உன் அறை ஜன்னல் தெரிகிறது. ஒரு வார்த்தை எழுது, திட்டியாவது எழுது.

தம்பி

ஆகஸ்ட் 28

அக்கா,

இரண்டு போன், ஒரு கடிதம், எதற்கும் பதில் இல்லை. சண்டை வந்தாலும் பரவாயில்லை, போனையாவது எடு.

பாலம் முடிந்தது. தார் போட்டாயிற்று. தையலே இல்லை.

தம்பி

செப்டம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. கோபமாகத்தான் உட்கார்ந்தேன், பேனாவையும் எடுத்தேன். யார் மேல் என்று யோசித்துப் பார்த்தால் ஒருத்தரும் கிடைக்கவில்லை. ஒட்டுப் போடாதே, அடியோடு பெயர்த்துப் போடு என்று கேட்டவளே நான்தானே. இது யார் தலையிலும் இறங்காமல் என் நெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் எழுதவில்லை.

போன வாரம் பள்ளியைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டேன். என்னைப் பெரிய பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் போட்டிருக்கிறார்கள். சின்ன டீச்சருக்கு வேறு ஊர். வாயாடியும் அந்தப் பெரிய பள்ளியில்தான் இருக்கிறாள். நல்ல உயரமான மதில், பெரிய மைதானம், ஒரு குறையும் இல்லை. அவள் இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை, வகுப்பில் அறுபது பேர். என்னைப் பார்த்ததும் மட்டும் ஓடி வந்து, "டீச்சர், உங்களையும் இங்கயே சேர்த்துட்டாங்களா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வா. திட்ட மாட்டேன். சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம்.

இந்த மாத அறிவிப்பையும் பார்த்தேன். "பள்ளிச் சாலைப் பணி முழுமையாக நிறைவடைந்து, பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

சாமான்களை வேனில் ஏற்றி அந்தச் சாலையில்தான் வந்தேன். நீ நின்று போட்ட சாலை. பாலம் ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. டிரைவர் அவ்வளவு சந்தோஷமாக, "எப்படி டீச்சர் ரோடு? வெண்ணெய் மாதிரி இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். பள்ளி மணியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். வளையத்தைப் பிடித்துத் தொங்கவிட்டபடிதான் வழியெல்லாம் உட்கார்ந்திருந்தேன். ஊர் வந்து சேரும்வரை அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

உன்,
அக்கா