தானாக நிற்கும் பியூரெட்

1964 ஜூலை 20, திங்கள்

ஆடிக் காற்று. பஸ் காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் கண் முழுக்க மணல். காலேஜ் ஆய்வகத்துக்கு ஐஸ் நேரத்தோடு வந்துவிட்டது, நல்லவேளை. பேராசிரியர் தயாரித்த பெராக்சைடு கொஞ்சம் சூடுபட்டாலும் சிதைந்துவிடும். அதை அளப்பது என் வேலை. பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையிலுள்ள கரைசலின் நீலம் மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். "உன் கை யாருக்கும் வராதும்மா" என்பார் சார்.

இன்று சொல்லவில்லை. மெகருன்னிசாவின் மேஜைப் பக்கமே நின்றார். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள். அண்ணனுக்கு ரேடியோ ரிப்பேர் கடை. அங்கிருந்து மோட்டார், விளக்கு, வெளிச்சத்தை உணரும் செல் எல்லாம் கொண்டுவந்து ஒரு கருவி செய்திருக்கிறாள். நீலம் மறைந்ததும் பியூரெட் தானாக நின்றுவிடுகிறது. சார் கைதட்டினார்.

காபிப் பொடி வாங்க மறந்தேன்.

ஜூலை 22, புதன்

வெள்ளியன்று பம்பாயிலிருந்து இருவர் வருகிறார்களாம், அவள் கருவியைப் பார்க்க. பிடித்திருந்தால் ஆராய்ச்சிக்கு அழைத்துக்கொள்வார்களாம். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்து வந்தேன்.

சாயங்காலம் வந்தாள். "உன் அளவைவிட எனக்குக் குறைச்சலாவே வருது. எங்க தப்புன்னு வந்து பாரேன்."

போனேன். கண்ணாடிக் குடுவையைத் தொட்டதுமே தெரிந்தது. விளக்குச் சூடு. அளப்பதற்குள்ளேயே பெராக்சைடு சிதைகிறது.

"மெஷினெல்லாம் எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

ஜூலை 24, வெள்ளி

எல்லார் எதிரிலும் சொன்னேன். அதற்காகத்தானே காத்திருந்தேன். "குடுவையைத் தொட்டுப் பாருங்க சார், சுடுது. இந்த அளவு எப்படிச் சரியா இருக்கும்?"

மெகர் முகம் வெளுத்தது. உள்ளே எனக்கு இனித்தது, பொய் எதற்கு. கொஞ்ச நேரம்தான். விளக்கைத் தள்ளி வைத்தாள். குடுவையை ஐஸ் தொட்டியில் இறக்கினாள். மறுபடி அளந்தாள். என் அளவேதான், சொட்டுப் பிசகாமல்.

வந்தவர்கள் பாராட்டினார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ சொல்லலேன்னா என் மானம் போயிருக்கும் சார்" என்றாள்.

ஜூலை 25, சனி

தலைவலி. வெயில் சுள்ளென்று.

அவளைத்தான் பம்பாய்க்கு அழைத்திருக்கிறார்கள். வாழ்த்துச் சொன்னேன், குரல் சரியாகவே வந்தது. "பம்பாய்க்கு உன் பேரையும் சிபாரிசு பண்ணச் சொல்லி சார்கிட்ட கேட்டுட்டு வந்தேன்டி" என்கிறாள்.

அவள்மேல் கோபப்பட ஒரு காரணமாவது மிச்சம் வைத்திருக்கலாம்.